பாவசங்கீர்த்தனமும் மீளளித்தலும்: லாஸ் காசாஸ் முதல் ஜோய்ஸ் வரை

பாவசங்கீர்த்தனத்தின் ஆன்மிகப் பெறுமதி யாது என்னும் வினாவை மார்க்சிய விமர்சகன் ஒருவன் எழுப்புவது சிலருக்கு வியப்பாகவும் வேறு சிலருக்கு அநாவசியமாகவும் தோன்றலாம். விசுவாசிகள் இதற்குரிய விடையைத் தம் அநுபவத்திலிருந்தே தருவர். சொல்லி முடித்ததும் மனப்பாரம் இறங்குகின்றது, கடவுளோடு உறவு புதுப்பிக்கப்படுகின்றது என்பர். எமது அணியைச் சார்ந்த பலரோ விடையை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பர். ஆளும் வர்க்கம் மனச்சாட்சியினுள்ளும் காவல் வைப்பதற்குக் கண்டுபிடித்த உபாயம் அது என்பதோடு அவர்களுக்கு ஆராய்ச்சி முடிந்துவிடும். மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே பந்தியிலே மதத்தினுள் மெய்யான துன்பமும் அத்துன்பத்தின் மீதான எதிர்ப்பும் உறைந்திருப்பதை ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதை இவர்கள் நினைவிற் கொள்வதில்லை.

ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு விடைகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரண்டும் பாவத்தைச் சொல்லுதல் என்ற ஒரு செயலையே பாவசங்கீர்த்தனம் முழுவதுமாகக் கொள்கின்றன. வரலாற்றில் அச்சாதனத்துக்கு இருந்த வலிமை பெரும்பாலும் வேறோரிடத்திலே தங்கியிருந்தது. அந்த இடம் எவ்வாறு கைநழுவிற்று என்பதற்கு இலக்கியமே தெளிவான சான்று தருகின்றது. இக்கட்டுரை இதனை விளக்க முயல்கின்றது.

திரிதெந்தீன் சங்கம் 1551ஆம் ஆண்டில் வரையறுத்தவாறு, பாவியின் பங்காக மூன்று செயல்கள் உள்ளன: மனஸ்தாபம், பாவங்களை வெளியிடல், அவற்றுக்கான பரிகாரம். இவற்றின் மேல் குருவானவர் வழங்கும் பாவவிமோசனம் அமைகின்றது. குருவானவர் விதிக்கும் செபமும் உபவாசமும் பரிகாரத்தின் பாற்படும். ஆயின் பிறர் உடைமையைக் கவர்ந்தவன் அதனை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்னும் விதி இப்பரிகாரத்துள் அடங்குவதன்று. அது பாவவிமோசனத்துக்கு முன்நிபந்தனையாகும். கள்ளத் தராசால் நிறுத்து விற்ற வியாபாரி நூறு செபமாலை சொன்னாலும், களவாடிய நெல்லை மீட்டளிக்க இயலுமாயிருந்தும் அளிக்காதவரை அவன் மனஸ்தாபம் போலியானது என்பதே கோட்பாடு. ஐந்தாம் நூற்றாண்டிலே அகுஸ்தீனார் மக்கெதோனியுசுக்கு எழுதிய கடிதத்தில் இதனை ஐயத்துக்கிடமின்றிக் கூறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் இதனை நீதியின் செயலாகவே வகுத்து விளக்கினார். இங்கே 'மீளளித்தல்' எனக் குறிப்பிடப்படுவது இதுவே. இரக்கமோ தானமோ இதில் இல்லை. கொடுப்பவன் கடனாளி, பெறுபவன் உரிமையாளன்.

சாதனத்தின் புறவடிவம் பல மாறுதல்களுக்கு உட்பட்டது. ஆதித் திருச்சபையில் பெரும்பாவங்களுக்கான தவம் சபையார் முன்னிலையில், பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவை மாத்திரமே நிகழ்ந்தது. திரும்பத் திரும்பத் தனிமையிற் பாவங்களைச் சொல்லும் வழக்கத்தை ஆறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாக் கண்டத்துக்கு எடுத்துச் சென்றோர் ஐரிஷ் துறவிகள். (ஐரிஷ்காரர் ஒருவரே பின்னாளில் அவ்வழக்கத்தின் நலிவைச் சித்திரித்தார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.) 1215இல் கூடிய நான்காம் லற்றரன் சங்கம் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் ஒவ்வொருவரும் பாவசங்கீர்த்தனஞ் செய்யவேண்டுமெனக் கட்டளையிட்டது. மிலான் பேராயர் கார்லோ பொறோமேயோ 1577இல் வெளியிட்ட விதிகள் திரையிட்ட தனிக்கூண்டை நிலைநிறுத்த உதவின. சபை முற்றத்திலிருந்து கூண்டினுள் நுழைந்த இப்பயணத்தை விமர்சகர் பலர் எழுதியுள்ளனர். இங்கு விரிக்க வேண்டியதில்லை.

எமக்கு முக்கியமாவது வட்டிக்காரனின் நிலை. நாணயப் பொருளாதாரம் நிலமானியச் சமூகத்தின் விளிம்புகளை அரிக்கத் தொடங்கிய காலத்தில், 1179ஆம் ஆண்டின் மூன்றாம் லற்றரன் சங்கம் பகிரங்க வட்டிக்காரருக்கு நற்கருணையையும் கிறித்தவ அடக்கத்தையும் மறுத்தது. 1274இல் லியோன் நகரிற் கூடிய சங்கம், வட்டியை மீளளிக்க ஏற்பாடு செய்யாதவரின் மரணசாசனம் செல்லாது என்றது. இவ்விதிகள் பொருளாதார வளர்ச்சியைத் தடுத்துவிடவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. ஆயினும் மரணப்படுக்கையிலே தன் சொத்தின் தோற்றுவாயைக் குறித்துக் கணக்குக் கொடுக்கவேண்டிய நிர்ப்பந்தத்தைச் செல்வனுக்கு அவை ஏற்படுத்தின. தப்பும் வழிகளும் உடனே தோன்றின. பாதிக்கப்பட்டோர் யாரெனத் தெரியாவிடின் பணத்தை ஏழைகளுக்கோ புண்ணிய காரியங்களுக்கோ கொடுக்கலாம் என்னும் விதி அவற்றுள் அகலமானது. பாதுவா நகரத்தில் ஜியோத்தோவின் ஓவியங்களால் புகழ்பெற்ற ஸ்க்ரொவேக்னி சிற்றாலயம் 1305இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதனைக் கட்டுவித்தவனின் தந்தை வட்டித்தொழிலாற் பேர்போனவன். தாந்தே அவனை நரகத்தில் அமர்த்தினார். மகன் கட்டிய ஆலயம் அப்பாவத்துக்கான ஈடே எனப் பலர் கருதுவர். அங்ஙனமாயின், கடனாளிகளின் வீடுகளுக்குத் திரும்பியிருக்கவேண்டிய பணம் நீலவானமாகவும் பொன் நட்சத்திரங்களாகவும் சுவரில் ஏறிற்று எனலாம். கலைவரலாற்றாசிரியர் அதற்கு நன்றியுடையராயிருப்பது இயல்பே. கடனாளிகளின் பிள்ளைகள் எவ்வாறு எண்ணினர் என்பதை அவர்கள் கேட்பதில்லை.

மீளளித்தல் தன் முழு வலிமையோடு வெளிப்பட்ட இடம் பதினாறாம் நூற்றாண்டின் ஸ்பானிய அமெரிக்கா. பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் தொடக்கத்தில் என்கொமியெண்டா எனப்பட்ட முறையால் நயம்பெற்ற குருவானவர். பூர்விகக் குடிகளின் உழைப்பையும் திறையையும் ஸ்பானியன் ஒருவனிடம் ஒப்படைப்பதே அம்முறை. 1511இல் எஸ்பனியோலாத் தீவிலே அன்ரோனியோ தெ மொன்ரெசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி குடியேறிகளைக் கண்டித்துப் பிரசங்கித்தார். அச்சபையார் பூர்விகரை அடிமைகொண்டோருக்குப் பாவவிமோசனத்தை மறுக்கலாயினர். அவ்வாறு மறுக்கப்பட்டோருள் லாஸ் காசாசும் ஒருவர் என்பதை அவரே தமது வரலாற்று நூலிற் பதிவுசெய்துள்ளார். 1514இல் கியூபாவில் தமக்கிருந்த ஒப்படைப்பை அவர் துறந்தார். பின்பு சியாப்பாஸ் ஆயராகி 1545இல் அங்கு சேர்ந்தபோது, அடிமைகளை வைத்திருப்போருக்குப் பாவவிமோசனம் அளிக்கும் அதிகாரத்தைத் தமக்கே ஒதுக்கிக்கொண்டார். நகரமே அவருக்கெதிராகக் கிளர்ந்தது.

அக்காலத்தில் அவர் தம் குருமாருக்காக எழுதிய கைநூல் பன்னிரண்டு விதிகளைக் கொண்டது. கையெழுத்துப் பிரதிகளாக முதலிற் பரவி, 1552இல் செவில்லா நகரில் அச்சேறியது. அதனை ஓர் இலக்கியப் பனுவலாக வாசிக்கும் எவரும் முதலிற் கவனிப்பது அதன் மொழியை. பக்தி நூல்களுக்குரிய கண்ணீரும் உருக்கமும் அதில் அரிது. மொழி சட்டத்தின் மொழி. பாவியின் அருகே குருவானவருக்கு முன்பாக நொத்தாரிசு வந்து நிற்கின்றார். வெற்றிகொண்ட படைவீரன் வாய்திறந்து பாவங்களைச் சொல்லத் தொடங்குமுன்னர், தன் உடைமை முழுவதன் மேலும் குருவானவருக்கு அதிகாரமளிக்கும் பகிரங்க உறுதியொன்றை முடித்துக் கொடுத்தல் வேண்டும். தனக்குள்ளதெல்லாம் பூர்விகரிடமிருந்து பெற்றதே என அவன் அதில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அடிமைகளை விடுதலை செய்தல் வேண்டும். உரியவர் இறந்திருப்பின் அவர்தம் வழித்தோன்றல்களுக்கோ அவர்களின் ஊருக்கோ சொத்துச் சேரவேண்டும். போருக்கு ஆயுதம் விற்ற வியாபாரியும் அப்போரில் விளைந்த இழப்பு முழுவதற்கும் பொறுப்பாளியாகின்றான்.

செவியிலே மெதுவாகச் சொல்லப்படும் அந்தரங்கம் இங்கே பகிரங்கப் பத்திரமாக மாறுவதை நோக்குக. கூண்டு தோன்றுவதற்குச் சற்று முன்னரே, அக்கூண்டின் தருக்கத்துக்கு எதிரான தருக்கமொன்றை ஓர் ஆயர் உருவாக்கிவிட்டார். தனிமனிதனின் உள்ளத்தில் எழும் வருத்தத்தை அவர் அலட்சியம் செய்யவில்லை. அவ்வருத்தம் மெய்யானதா என்பதற்கு ஒரே அளவுகோல் சொத்தின் இடமாற்றமே என்பது அவர் நிலைப்பாடு. ஆன்மிகப் பெறுமதி என்ற சொற்றொடருக்கு இதைவிடப் பௌதிகமான விளக்கத்தை எங்கும் காண்டலரிது.

இந்நூல் அரசியல் விளைவுடையதாயிற்று. 1548இல் ஸ்பானிய அரசு அதன் பிரதிகளைத் திரட்டுமாறு கட்டளை பிறப்பித்தது. அமெரிக்காவில் அரசனுக்குள்ள உரிமையையே ஆசிரியர் மறுக்கின்றார் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் தனியாக விளக்கம் எழுதவேண்டியதாயிற்று. 1550-51இல் வாயதோலித் நகரில் செப்புல்வேதாவுடன் நடந்த விவாதத்தின் பின்னணியிலும் இவ்வழக்கு இருந்தது. மற்றொரு புறத்திலே, பெருவில் வெற்றிவீரர் சிலரின் மரணசாசனங்களிற் பூர்விகருக்கு மீளளிக்கும் ஏற்பாடுகள் இடம்பெறலாயின. மரணபயத்தினால் எழுதப்பட்டவை அவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பயம் ஒரு சமூக சக்தியாகத் தொழிற்பட்டது. கருத்துநிலை பொருளாதார அடித்தளத்தின் வெறும் நிழல் என எண்ணுவோர் இம்மரணசாசனங்களைப் படித்தல் வேண்டும். நரகம் பற்றிய நம்பிக்கையொன்று இங்கே நிலத்தையும் வெள்ளியையும் கைமாற்றுகின்றது.

லாஸ் காசாசை வணக்கத்துக்குரியவராக்க நாம் முனையவில்லை. 1516இல் அவரே ஆபிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என ஆலோசனை கூறினார். பிற்காலத்தில் அதற்காக வருந்தியும் எழுதினார். அவருடைய ஆயுதம் விசுவாசியின் மீது மட்டுமே பாயக்கூடியது. எசமானனின் மனச்சாட்சியை நம்பியிருக்கும் விடுதலை, அம்மனச்சாட்சி தேய்ந்துபோகையில் தானும் தேய்ந்துபோகும். பூர்விகர் தாமே வரலாற்றின் கருத்தாக்களாக எழும் காட்சி அவர் கைநூலில் இல்லை; அவர்கள் பெறுவோராக மாத்திரமே நிற்கின்றனர். இவ்வரம்புகளைச் சுட்டிய பின்னரும், அந்நூலின் தருக்கம் முறிவதில்லை.

இந்நூற்றாண்டிலேயே தமிழும் இவ்வரலாற்றினுட் புகுந்தது. முத்துக்குளித்துறையிற் பணிபுரிந்த யேசுசபைக் குருவான ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் அடிகளாரின் 'கொம்பெசியொனாயரு' 1580இல் கொச்சியில் அச்சாயிற்று. 1578இல் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்', 1579இல் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆகியவற்றையடுத்துத் தமிழெழுத்தில் அச்சேறிய நூல் அது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தஞ் செய்வோருக்கான கைநூல் அச்சுத் தமிழின் முதற் சில நூல்களுள் ஒன்றாக அமைந்தது தற்செயலானதன்று. செபங்களை மனனஞ் செய்விக்கலாம். பாவங்களை மனனஞ் செய்விக்க முடியாது. ஒவ்வொருவனும் தன் பேச்சுமொழியிலேயே அவற்றைச் சொல்லவேண்டும். துபாசியை நடுவில் வைத்துப் பாவங் கேட்பதன் இடர்ப்பாட்டை உணர்ந்தே அடிகளார் தமிழைக் கற்றார். தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் வழமையாக அச்சியந்திரத்தின் வருகையைப் பேசுவர். சாதாரண மனிதனின் அன்றாட நடத்தையை வினாவுக்குட்படுத்தும் தேவை உரைநடையை வேண்டிநின்றது என்பதையும் சேர்த்துப் பேசுதல் தகும். போர்த்துக்கேயச் சொல் மலையாளத்திற் கும்பசாரமாக நிலைத்தது. தமிழ்க் கத்தோலிக்கரோ இசையோடு போற்றிப் பாடுதலைக் குறித்த வடசொல்லைத் தெரிந்து பாவசங்கீர்த்தனம் என்றனர். போற்றுதற்குரிய சொல் குற்றத்தைச் சொல்வதற்குப் பெயராயிற்று.

ஆயினும் கடற்கரையில் யாருடைய பாவங்கள் விசாரிக்கப்பட்டன? கப்பித்தான் ஒருவன் பரவர் மீது புரிந்த கொடுமைகளைப் பற்றி சவேரியார் 1544ஆம் ஆண்டுக் கடிதங்களில் மனம் வெதும்பி எழுதியுள்ளார். 1549இல் ஓர்முஸ் துறைமுகத்துக்குச் சென்ற கஸ்பார் பர்சேயுஸ் அடிகளாருக்கு அவர் வழங்கிய அறிவுரைகளோ இன்னும் நுட்பமானவை. அதிகாரிகளும் வணிகரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும்போது, அவர்கள் எவ்வழியிற் பணமீட்டுகின்றனர் என்பதைத் துருவிக் கேட்கவேண்டும். முறைகேடாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கச் செய்யவேண்டும். உரியவரை அறிய முடியாதவிடத்து மிசெரிக்கோர்தியாச் சகோதரத்துவத்தின் மூலம் ஏழைகளுக்குச் சேர்ப்பிக்கவேண்டும் என்பன அவ்வறிவுரைகள். அதாவது, ஒரு பேரரசின் இலாபம் எவ்வாறு ஈட்டப்படுகின்றது என்பதை அறியும் தலைசிறந்த இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டியே என்பதை அவர் கண்டுகொண்டார். இது போர்த்துக்கேயரிடம் போர்த்துக்கேய மொழியிற் கேட்கப்படவேண்டிய வினா. தமிழிற் கைநூல் வேண்டியிருந்தது ஆளப்பட்டோரின் பாவங்களுக்காக.

இனி ஜோய்ஸ். 'டப்ளின் மாந்தர்' 1914இல் நூலாயிற்று. அதிலுள்ள 'அருள்' என்ற சிறுகதையைச் சமயக் கிண்டலாக வாசிப்போரே மிகுதி. எமது நோக்கில் அது மீளளித்தலின் மறைவு பற்றிய கதை. தேயிலைச் சுவையறிஞரும் விற்பனை முகவருமான கேர்ணன் மதுச்சாலைப் படிக்கட்டில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொள்கின்றார். பேசவேண்டிய உறுப்பே காயமுறுகின்றது. நண்பர்கள் அவரை வியாபாரிகளுக்கென நடத்தப்படும் தியானமொன்றுக்கு அழைத்துச் செல்லத் தந்திரமாக ஏற்பாடு செய்கின்றனர். கோயிலில் அமர்ந்திருப்போரை ஜோய்ஸ் எண்ணிக்காட்டுகின்றார்: தொழிலாளருக்குக் கொடுவட்டிக்குக் கடன் கொடுத்து முன்னேறிய ஹார்போட், நகராதிபதிகளை உருவாக்கும் தரகர், மூன்று அடகுக்கடைகளுக்குச் சொந்தக்காரர். 1179இல் நற்கருணை மறுக்கப்பட்டவன் இப்பொழுது வாங்கிலில் அமர்ந்திருக்கின்றான். எவரும் அவனை எழுப்பவில்லை. கத்தோலிக்க அயலாரின் ஆத்திரமும் அவன் வட்டித்தொழிலின் மேற் செல்லாமல், அவனை யூதனென ஏசும் இனத்துவேஷமாகவும், அவன் பிள்ளையின் மந்தபுத்தியைத் தெய்வ தண்டனையாகக் காணும் வன்மமாகவும் திசைமாறுவதை ஜோய்ஸ் குறிக்கத் தவறவில்லை.

பிரசங்கியார் தம்மை ஆன்மாவின் கணக்காளராக அறிமுகஞ் செய்துகொள்கின்றார். ஒவ்வொருவரும் தம் ஆன்மிக வாழ்வின் பேரேட்டைத் திறந்து, மனச்சாட்சியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவேண்டும் என்பது அவர் உபதேசம். அவர் எடுத்துக்கொள்ளும் திருவசனமும் லூக்கா சுவிசேஷத்தின் அநீதியுள்ள கண்காணிப்பாளனைப் பற்றியது. மத்தியகாலக் குருவானவர் மெய்யான பேரேட்டைக் கேட்டார். இவர் பேரேட்டை உவமையாகக் கேட்கின்றார். இவ்விரண்டுக்குமிடையிலான தூரமே முதலாளித்துவத்தின் வரலாறு. கதையின் நடுவே ஜோய்ஸ் ஒரே வாக்கியத்தில் ஒரு செய்தியை வைத்துச் செல்கின்றார். கேர்ணனைப் பார்க்க வரும் பலசரக்குக் கடைக்காரர் போகாற்றிக்குக் கேர்ணன் கொடுக்கவேண்டிய சிறு கணக்கொன்று தீர்க்கப்படாதிருக்கின்றது. அந்த நல்ல மனிதர் விசேஷ விஸ்கிப் போத்தலொன்றையும் கொண்டுவருகின்றார், தியானத்துக்கும் உடன்செல்கின்றார். கணக்குகளைச் சீர்செய்வது பற்றிய உபதேசத்தோடு கதை முடிகின்றது. போகாற்றியின் கணக்குப் பற்றி மேற்கொண்டு ஒரு சொல்லுமில்லை. பாவசங்கீர்த்தனக் காட்சியும் இல்லை. ஆங்கிலத்தில் அருளைக் குறிக்கும் சொல் கடன் தவணைக்கு மேல் வழங்கும் சலுகை நாள்களையும் குறிக்கும் என்பதை அறிந்தால் தலைப்பின் கூர்மை விளங்கும்.

1916இல் வெளிவந்த நாவலில் ஸ்ரீவன் டெடலஸ் செய்யும் பாவசங்கீர்த்தனம் இலக்கிய மாணவர் பலரும் அறிந்தது. பதினாறு வயதினன் நரகம் பற்றிய பிரசங்கங்களால் நடுங்கி, தன்னை அறியாத கோயிலொன்றைத் தேடிச் சென்று வயோதிபத் துறவியிடம் காமப் பாவங்களைக் கொட்டுகின்றான். அக்காட்சியின் உண்மையான உணர்ச்சியை நாம் மறுக்கவேண்டியதில்லை. அவன் திரும்பிச் செல்கையில் அடையும் அமைதி கேலிக்குரியதாகவும் எழுதப்படவில்லை. அதற்கடுத்த அத்தியாயத்திலோ, தன் செபங்களின் பெறுமதி பெரியதொரு கடைக் காசுப்பெட்டியில் உடனுக்குடன் பதிவாவதாக அவன் கற்பனை செய்கின்றான். அவ்வேளையில் அவன் குடும்பம் வீட்டுச் சொந்தக்காரனுக்கு அஞ்சி வீடு மாறிக்கொண்டிருக்கின்றது. ஆன்மாவின் வரவு ஏறுகின்றது. வீட்டின் வரவு இறங்குகின்றது. இரு கணக்குகளும் ஓரிடத்திலும் சந்திப்பதில்லை.

மிஷெல் பூக்கோ 1976இல் வெளியிட்ட பாலியல் வரலாற்றின் முதற்றொகுதி, மேலைத்தேய மனிதனை ஒப்புக்கொள்ளும் விலங்காக்கிய சாதனமாகப் பாவசங்கீர்த்தனத்தை ஆராய்ந்தது. அதன் செல்வாக்கால் இன்று இவ்விடயம் பேசுவோர் பெரும்பாலும் காமத்தையும் சொல்லாடலையும் அதிகாரத்தையுமே பேசுகின்றனர். ஸ்ரீவன் டெடலசுக்கு அவ்விளக்கம் கச்சிதமாகப் பொருந்தும். சியாப்பாஸ் ஆயருக்குப் பொருந்தாது. ஆறாம் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு ஏழாம் கட்டளையை மறந்த பாவசங்கீர்த்தனத்தையே பூக்கோ அதன் சாரமாகக் கண்டார். பூர்ஷ்வா சமூகம் எஞ்சவிட்டதை முழுமையென மயங்கினார் என்பதே எமது கருத்து. எமது இயக்கங்களின் சுயவிமர்சனக் கூட்டங்களுக்கும் இவ்வெச்சரிக்கை உரியது. 1936 முதல் 1938 வரையான மொஸ்கோ வழக்குகளில் வாக்குமூலமே எல்லாமாயிற்று. சொல்லவைத்தலில் வெற்றிகண்ட அரசு, எவருக்கும் எதனையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் 1973இல் வெளியான புதிய சடங்குமுறை, பாவத்தினாற் சபைக்கு நேரும் காயத்தை மீண்டும் முன்னிறுத்தியது. தமிழிலும் ஒப்புரவு அருட்சாதனம் என்ற பெயர் வழக்காயிற்று. சமாதானப்படல் என்ற பொருளில் அச்சொல்லைத் தெரிந்தோர் திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரத்தை எண்ணியிருந்தனரோ அறியோம். அங்கே ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் செல்வத்தை ஊருக்குப் பயன்படச் செய்யும் கடப்பாடு. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலிலும் மீளளித்தல் ஏழாம் கட்டளையின் கீழ் இடம்பெறுகின்றது, கோட்பாடு கைவிடப்படவில்லை. ஆயின் கூலி, குத்தகை, வட்டி என்பவற்றை ஊடுருவிக் கேட்கும் வினாக்களாக அது எங்கே ஒலிக்கின்றது என்பதே விசாரணைக்குரியது.

இவ்விசாரணைக்குத் தமிழாய்வாளர் தொடங்கக்கூடிய இடம் 1580ஆம் ஆண்டின் நூலே. காணாமற்போனதாகக் கருதப்பட்ட அதன் பிரதி ஒக்ஸ்போட் பொட்லியன் நூலகத்தில் உள்ளமையை கிரகாம் ஷோ 1982இல் விளக்கி எழுதினார். அதன் அச்செழுத்தையும் சொல்லாட்சியையும் ஆராய்தல் அவசியமே. அவற்றோடு, களவு பற்றிய பகுதியை சவேரியாரின் 1549ஆம் ஆண்டு அறிவுரைகளுக்கும் லாஸ் காசாசின் பன்னிரண்டு விதிகளுக்கும் அருகில் வைத்து, முத்துக்குளிப்பவனிடம் எவை கேட்கப்பட்டன, முத்தை வாங்கியவனிடம் எவை கேட்கப்பட்டன என வரிவரியாக ஒப்புநோக்குதல் வேண்டும்.